பழவேற்காட்டு ஓலைப்பெட்டியில் ஒரு டச்சுப் பெயர்

பெயர் போட்ட பனையோலைப் பெட்டி வேண்டுமென்றால் பழவேற்காட்டில் பெண்கள் சேர்ந்து நடத்தும் இந்தச் சின்னக் கடைக்கு நம்பிப் போகலாம். நான் ஆந்திர எல்லையிலுள்ள தடாவிலிருந்து போய் வாங்கினேன்.

எங்கள் கம்பெனிக்கு வந்துபோகும் டச்சு இஞ்சினியரின் கைக்குழந்தைக்குப் பரிசு. பெயர் மரைக்கெ. அவர் எழுதிக்கொடுத்ததை நாங்கள் எல்லாரும் 'மரிஜ்கே' என்றுதான் படித்தோம். டச்சில் ஐ (i), ஜே (j) இரண்டும் சேர்ந்து வந்தால் கிட்டத்தட்ட நம் 'ஐ' ஒலிதான்.

கடை அக்காவிடம் பெயரைச் சொன்னதும், "மரைக்காயர் வீட்டுப் புள்ளையா?" என்றார். மரைக்காயர் முஸ்லிம்கள் வாழும் இந்த ஊரில் அந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

"இல்லக்கா, மரியாதான். கடைசியில வர்ற 'கெ' செல்லத்துக்கு. கேரளாவுல மரியக்குட்டின்னு கூப்பிடுவாங்களே, அப்படி."

மரியா எபிரேய மிரியாமிலிருந்து வந்த பெயர். 'கசப்பு' என்பார் சிலர், 'பிரியமானவள்' என்பார் சிலர். அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. அக்கா தீர்த்துவைத்தார்: "பிரியம்னே இருக்கட்டும்மா."

பின்னாளில் நெதர்லாந்து ராணியான யூலியானாவுக்கு 1947இல் பிறந்த கடைசி மகளையும் மரைக்கெ என்றுதான் அழைத்தார்களாம். அந்த இளவரசியோ 1963இல், இனி என்னைக் கிறிஸ்டினா என்று கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். இதை இஞ்சினியரிடம் நான் பேசவில்லை.

இந்தக் கடையில் எனக்குப் பிடித்தது அவர்களின் நிதானம். மரீக்கெ என்று இன்னொரு பெயரும் உண்டு, அதுவும் மரியாவின் செல்லம்தான். எழுதும்போது ஜே இருக்குமிடத்தில் ஈ (e) வரும், அவ்வளவே வித்தியாசம். ஓரெழுத்து தவறினால் வேறு பெயராகிவிடும். அக்கா முதலில் கட்டம்போட்ட தாளில் பெரிய எழுத்தாகப் போட்டு, ஒவ்வொன்றாக என்னை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓலையைத் தொட்டார். எழுத்து பெயிண்ட் இல்லை, சாயமேற்றிய ஓலையையே ஊடே விட்டுப் பின்னியது. மூடி கச்சிதம். பச்சை ஓலை வாசம் இன்னும் போகவில்லை.

குறை சாயத்தில்தான். ஈரக்கையோடு தொட்டால் ரோஸ் கலர் விரலில் ஒட்டுகிறது. குழந்தை வாயில் வைக்கிற வயது, அதனால் எழுத்தைச் சாயமில்லாத ஓலையில் வேறு நெசவாகப் பின்னச் சொல்லிக் கேளுங்கள். செய்து தருவார்கள், விலையும் கொஞ்சம் குறையும்.

டச்சுக்காரர்களைக் கூட்டிப்போனால் 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கெல்ட்ரியா கோட்டையைக் கேட்பார்கள். அங்கே பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கடைக்குப் போகாதீர்கள், தொழுகை நேரத்தில் பூட்டியிருக்கும்.