ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஹாக்கி முட்டிக்கு முன்திறப்புக் கீல் பிரேஸ்: கடலோர வெக்கையில் தாங்குமா?

ஹாக்கியில் முட்டி ஜவ்வு கிழிவது பல நேரம் யாரும் மோதாமலே நடந்துவிடும். மட்டையில் தட்டையான பக்கம் ஒன்றுதான். பந்து வலப்பக்கம் வந்தால் சௌகரியம். இடப்பக்கமாகத் தாண்டினால் மட்டையைப் புரட்ட வேண்டும், இல்லையென்றால் காலை எடுத்துவைத்து உடம்பையே சுற்றிக் கொண்டுபோக வேண்டும். குனிந்த நிலை, மடங்கிய முட்டி, தரையைக் கவ்விய ஷூ. பாதம் நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும். உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிடும். இருபது வயதில் சட்டென்று இறுகி முட்டியைக் காப்பாற்றும் தொடைத் தசை, 45-ஐத் தாண்டிய வெட்டரன் ஆட்டக்காரருக்குத் தாமதித்துத்தான் இறுகும்.

எம்.ஆர்.ஐ. எடுத்து, ஏ.சி.எல். என்கிற முன்குறுக்கு ஜவ்வு போய்விட்டது என்று தெரிந்தாலும் ஆபரேஷன் உடனே நடக்காது. முதலில் வீக்கம் வடிந்து முட்டி முழுசாக நீள வேண்டும். விறைத்த முட்டியில் கை வைத்தால் விறைப்பு நிரந்தரமாகும் அபாயம் இருக்கிறது. இந்த வயதில் அதற்குமேல் சர்க்கரை: மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி எட்டு சதவீதத்துக்குக் கீழே வரட்டும் என்று பல மருத்துவர்கள் தள்ளிவைப்பார்கள். காப்பீட்டு ஒப்புதல், வேலையில் விடுப்பு, பல்லில் சீழ், மைதானத்தில் விழுந்து உரசிய புண் என்று ஒவ்வொன்றும் சில வாரங்களை விழுங்கும். இரண்டு மாதம், நான்கு மாதம் என்று நீளும் அந்த இடைவெளிக்குத்தான் இந்த பிரேஸ். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முட்டி ஒரு கோணத்தில் மாட்டிக்கொண்டு நீளவே மறுத்தால், முட்டி எலும்புகளுக்கு நடுவே இருக்கும் குஷன் (மெனிஸ்கஸ்) கிழிந்து சிக்கியிருக்கலாம். அதற்கு பிரேஸ் தேடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைப் பக்கத்துச் சர்ஜிகல் கடைகளிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ ‘முட்டி பெல்ட்’ என்று கேட்டால் மூன்று வகைகளை எடுத்துவைப்பார்கள். காலுறை போல மாட்டும் நீ-கேப் முதல் வகை. சூடு கொடுக்கும், தைரியம் கொடுக்கும், முட்டி பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்காது. ஜவ்வு போனவருக்கு அது வீண் செலவு. இன்னொரு கோடியில் தொடை முதல் கணுக்கால் அருகே வரை போகும் டயல் பிரேஸ். எத்தனை டிகிரி மடங்கலாம் என்று பூட்டி வைக்கலாம், ஆனால் அது மருத்துவர் எழுதிக்கொடுத்து அளவு குறித்துத் தரும் சாமான். இடையில் இருப்பது முன்பக்கம் முழுசாகத் திறந்து மூடும் கீல் பிரேஸ்: இரண்டு பக்கமும் அலுமினியப் பட்டை, நடுவில் கீல், மேலும் கீழுமாக நான்கு வெல்க்ரோ பட்டைகள், முட்டிச் சில்லுக்கு வட்டத் திறப்பு. காத்திருக்கும் காலத்துக்கு இதுவே சரி. வீங்கிய முட்டிக்கு மேலே இழுத்து மாட்டும் வகை பாதத்திலிருந்து ஏறுவதற்குள் கண்ணீர் வரவழைத்துவிடும். முன்திறப்பை உட்கார்ந்தபடியே சுற்றிக் கட்டலாம்.

கடையில் பார்க்க வேண்டியது கீல். உறையின் பக்கவாட்டுப் பையைப் பிரித்து அலுமினியப் பட்டையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கவே முடியாதபடி தைத்திருந்தால் அந்த பிரேஸே வேண்டாம், துவைக்க முடியாது. நல்ல கீலில் ஒன்றுக்கு இரண்டு ஆணிகள் இருக்கும், நடுவில் பல் பற்களாய் ஒன்றோடொன்று கோர்த்து உருளும். முட்டி ஒரே புள்ளியில் மடங்குவதில்லை, மடங்க மடங்க அச்சு நகரும். அந்த நகர்வை இரட்டைக் கீல்தான் ஓரளவு பின்தொடரும். ஒற்றை ஆணிக் கீல் கதவுக் கீல் போன்றது. பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தால் தோலை இழுக்கும், பிரேஸ் கீழே சரியும். பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்கே முறுக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். நேராக நீட்டும்போது ஓரிடத்தில் ‘டக்’கென்று நிற்க வேண்டும். முட்டி பின்னோக்கி வளையாமல் காப்பது அந்த நிறுத்தம்தான்.

அளவில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. ‘எல் சைஸ் போதும் சார்’ என்பதை ஏற்காதீர்கள். முட்டிச் சில்லின் நடுவிலிருந்து 15 செ.மீ. மேலே தொடைச் சுற்றளவு, 15 செ.மீ. கீழே கெண்டைச் சுற்றளவு, இரண்டையும் நின்றபடி டேப்பால் அளந்து பெட்டியிலுள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். காயம்பட்ட காலில் தொடைத் தசை வேகமாக வற்றும். அதனால் இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால் சிறியதை எடுப்பதே மேல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்து பட்டையை இழுத்துக் கட்டுங்கள்.

கட்டும் முறையைக் கடைக்காரர் அநேகமாகத் தப்பாகச் சொல்வார், மேலிருந்து கீழே என்று. முட்டியைச் சற்று மடக்கி உட்காருங்கள். கீலின் நடு, முட்டிச் சில்லின் நடுவுக்கு நேராக, பக்கவாட்டில் பார்த்தால் காலின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வரட்டும். முதலில் கட்ட வேண்டியது முட்டிக்கு உடனே கீழே, கெண்டைச் சதை புடைக்கத் தொடங்கும் இடத்துக்கு மேலே வரும் பட்டை. பிரேஸ் சரியாமல் தாங்குவது அந்தப் புடைப்புதான். அடுத்து முட்டிக்கு மேல் பட்டை, பிறகு அடிப்பட்டை, கடைசியில் தொடை உச்சிப் பட்டை. பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். முட்டியின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, கையால் தடவினால் ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதைச் சுற்றித்தான் தோலுக்கு அருகில் ஓடுகிறது. பட்டையின் விளிம்பு அதன்மேல் அழுந்தினால் புறங்காலில் எறும்பு ஊறும், பிறகு பெருவிரலைத் தூக்கவே முடியாமல் போகும். மரத்துப்போன உணர்வு தெரிந்த உடனே கழற்றிவிடுங்கள். கெண்டை திடீரென்று வீங்கி, கல் போல இறுகி வலித்தால் அது பட்டை இறுக்கம் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவமனை.

இனி, கடலோர ஊருக்கென்றே உள்ள பிரச்சினை. நியோபிரீன் என்கிற ரப்பர் உறை குளிர் நாட்டுக்கு நல்லது. புதுச்சேரி மே மாதத்தில் மத்தியானம் ஒரு மணி நேரம் கட்டினால் உள்ளே வியர்வை தேங்கி, முட்டிக்குப் பின்மடிப்பில் முதலில் சிவப்பு, பிறகு அரிப்பு, பிறகு வட்ட வட்டமாகப் படர்தாமரை. இதை வெறும் தோல் தொல்லை என்று விட முடியாது. ஆபரேஷன் செய்யும் இடத்துத் தோலில் புண்ணோ பூஞ்சையோ இருந்தால் தேதியைத் தள்ளிவைப்பார்கள். காத்திருப்புக்காக வாங்கிய பிரேஸே காத்திருப்பை இன்னும் நீட்டிவிடும். இதனால்தான் நியோபிரீன் எவ்வளவு விலை குறைந்தாலும் வேண்டாம் என்கிறோம். காற்றுப் புகும் வலைத்துணி உறை, பின்மடிப்பில் திறப்பு உள்ளதாகப் பாருங்கள். அடியில் மெல்லிய பருத்திக் குழாய்த் துணி ஒன்றை, சுருக்கம் விழாமல் போட்டுக்கொண்டு அதன்மேல் கட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றி, துடைத்து, பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். மருத்துவர் சொன்னாலொழிய இரவில் வேண்டாம்.

துவைக்கும்போது அலுமினியப் பட்டைகளை உருவிவிட்டு, வெல்க்ரோவை மூடி, மென்மையான சோப்பில் கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஒரே இரவில் காயாது. உறையை மட்டும் தனியாக விற்கிறார்களா என்று வாங்கும்போதே கேட்டு, இரண்டாவதாக ஒன்றை எடுத்து வையுங்கள். வேட்டி நூலும் தலைமுடியும் அடைத்து வெல்க்ரோ பிடிமானம் இழக்கும். பழைய சீப்பால் வாரினால் பாதி உயிர் திரும்பும். உப்புக் காற்றில் கீல் ஆணிகள் துருப்பிடித்துக் கிறீச்சிடும். வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தாலே போதும். எண்ணெய் விட்டால் அழுக்கு சேரும்.

அன்றாட உபயோகத்தில் இந்த வகைக்கு நல்ல மதிப்பெண். புதுச்சேரி கடற்கரைச் சாலை மாலை ஆறு மணிக்கு வண்டிகள் நின்றபின் சமதளமாக, குழியில்லாமல் கிடைக்கும். அங்கே நடக்க முட்டி நம்பிக்கையாக இருக்கும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடக்கக் கூடாது, புதையும் காலைக் கீல் பிடிக்காது. கடலூர் பஸ்ஸின் உயரமான படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்வது அறவே ஆகாது, பிரேஸ் இருந்தாலும் சரி. கீழே உட்கார்ந்து சாப்பிடுவதும் இந்தியக் கழிப்பறையும் இதோடு ஒத்துவராது. நன்றாக மடக்கினால் உறை பின்னால் சுருண்டு தோலைக் கடிக்கும்.

‘இதைக் கட்டிக்கொண்டு ஒரு மேட்ச் மட்டும்’ என்று கேட்பவர்களுக்கு நேரான பதில்: கூடாது. கீல் பக்கவாட்டு நழுவலைத் தடுக்கும். கிழிந்த ஜவ்வு செய்துகொண்டிருந்த வேலை, கீழெலும்பு முன்னே சறுக்காமலும் முறுக்காமலும் பிடிப்பது. தசைக்கு மேலே கட்டிய பட்டை அதைச் செய்யாது. முட்டி ஒவ்வொரு முறை ‘சறுக்’கென்று விலகும்போதும் மிச்சமிருக்கும் குஷன் நசுங்குகிறது. தைத்துச் சேர்க்கக்கூடிய கிழிசல் வெட்டி எடுக்க வேண்டியதாக மாறுவது இப்படித்தான். பிரேஸின் அடிப்பகுதி ஷின் பேடின் மேல் விளிம்பில் இடித்து மேலேறுவதும், வெளியே தெரியும் உலோகம் எதிராளிக்கு ஆபத்து என்று அம்பயர் நிறுத்துவதும் தனி. இந்திய ஹாக்கி கோலி ஸ்ரீஜேஷ் 2017-இல் சுல்தான் அஸ்லன் ஷா கோப்பையில் முட்டி போய், மாதக்கணக்கில் வெளியே இருந்து 2018-இல்தான் திரும்பினார். அப்புறம் 2024 பாரிஸ் வெண்கலம் வரை நின்றார். முழுநேரப் பிசியோ பக்கத்தில் இருந்த சர்வதேச கோலிக்கே அவ்வளவு பொறுமை தேவைப்பட்டது.

பிரேஸ் கட்டியபின் தொடைப் பயிற்சியை விட்டுவிடுவது நிறையப் பேர் செய்யும் தவறு. கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, பிரேஸ் இல்லாமல், முட்டியைக் கீழே அழுத்தித் தொடையை ஐந்து விநாடி இறுக்குங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை. அடுத்து காலை நேராகத் தூக்குவது, பத்து பத்தாக மூன்று முறை. தூக்கும்போது முட்டி லேசாக மடங்கித் தொய்ந்தால் தசை இன்னும் விழிக்கவில்லை என்று அர்த்தம், முதல் பயிற்சிக்கே திரும்புங்கள். சைக்கிள், பாதி உட்கார்ந்து எழுவது எல்லாம் பிசியோ பார்த்துச் சொன்ன பிறகு.

விலை கடைக்குக் கடை மாறும். நல்ல இரட்டைக் கீலும் வலைத்துணியும் உள்ளதற்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோலில் பட்ட சாமான் என்று திருப்பி எடுக்க மறுப்பார்கள், ஆகவே கடையிலேயே கட்டி இருபது அடி நடந்து, நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். விரற்கடை அளவுக்கு மேல் சரிந்தால் வேறு அளவு கேளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் இதையே மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ணவேண்டாம். அப்போது எந்த பிரேஸ், எத்தனை டிகிரி, தேவையா இல்லையா என்பது அறுவை செய்தவரின் முடிவு. தையல் ஆறி, தொடை மறுபடி பருத்து நடைப்பயிற்சி தொடங்கும் கட்டத்தில் இது திரும்பவும் உதவலாம். அப்போது டேப்பை எடுத்து அந்தக் காலை மறுபடி அளந்துவிட்டுக் கட்டுங்கள்.