பதினான்காம் பாடத்துக்காகவே வாங்கலாம்: ஓர் இத்தாலிய மொழிப் பாடத்தொகுப்பு

மூன்று மாதச் சந்தா கட்டி இந்த இணையவழிப் பாடத்தொகுப்பை முடித்திருக்கிறேன். குறையையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். வணக்கம் சொல்வது, காப்பி கேட்பது, ரயில் சீட்டு வாங்குவது எல்லாம் எங்கும் கிடைக்கிற சரக்குதான். கொடுத்த பணத்துக்கு ஈடு கிடைத்தது பதினான்காம் பாடத்தில்.

இறந்தகால எச்சம் செயப்படுபொருளோடு ஒத்துப்போகும் விதியை அப்பாடம் எடுத்துக்கொள்கிறது. 'ஆப்பிளைத் தின்றேன்' என்பது 'ஓ மாஞ்ஜாத்தோ லா மேலா'. ஆப்பிள் பெண்பாலாக இருந்தும் எச்சம் 'தோ' என்றே முடிகிறது. ஆனால் ஆப்பிளுக்குப் பதிலாக 'அதை' என்ற சுட்டுப்பெயர் வினைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால், 'மாஞ்ஜாத்தா' என்று மாறியே தீர வேண்டும். வந்தான், வந்தாள் என்று எழுவாயைப் பார்த்தே வினையை முடித்துப் பழகிய நமக்கு, தின்றவரை விட்டுவிட்டுத் தின்னப்பட்டதைப் பார்க்கச் சொல்வது முதலில் வம்பாகத்தான் படும். (இந்தி படித்தவர்களுக்கு 'மைனே ரோட்டி காயீ' கைகொடுக்கும்.)

பாடத்தை அமைத்தவர் கெட்டிக்காரர். விதியை எழுத்தில் காட்டுமுன் காதில் போடுகிறார். 'அதை' என்பதற்கு ஆண்பாலில் வரும் 'லோ', பெண்பாலில் வரும் 'லா' இரண்டும் 'ஓ' என்ற துணைவினைக்கு முன்னால் வழக்கமாகத் தம் உயிரை இழந்து ஒட்டிக்கொள்வதால், ஆண்பாலானாலும் பெண்பாலானாலும் காதில் விழுவது 'லோ' என்ற ஒலிதான். பாலைக் காட்ட மிச்சமிருப்பது எச்சத்தின் கடைசி உயிர் ஒன்றே. 'லோ பெர்ஸா' என்று ஒலிக்கவிட்டு, தொலைந்தது புத்தகமா சாவியா என்று கேட்கிறது பயிற்சி. சாவி பெண்பால் என்பதால் விடை சாவி. புத்தகமென்றால் 'பெர்ஸோ' என்றிருக்கும். அதைவிட நுட்பமானது 'லே' பற்றிய பயிற்சி: 'லே ஓ ஸ்க்ரித்தோ' என்றால் 'அவளுக்கு எழுதினேன்', 'லே ஓ ஸ்க்ரித்தே' என்றால் கடிதங்களைச் சுட்டி 'அவற்றை எழுதினேன்'. இரண்டாம் வேற்றுமைப் பொருளுக்கு அசைந்துகொடுக்கும் எச்சம் நான்காம் வேற்றுமைக்கு அசைவதில்லை என்பது இந்த ஒரே இணையில் விளங்கிவிட்டது.

திருத்தும் பொறிதான் சொதப்புகிறது. ஒரு பெண்ணிடம் 'உன்னைப் பார்த்தேன்' என்று சொல்வதாக 'தி ஓ விஸ்தோ' என்று எழுதினேன். தவறு என்று சிவப்புக் கோடு விழுந்தது. தன்மை, முன்னிலைப் பெயர்களுக்கு ஒத்துப்போவது கட்டாயமில்லை. 'விஸ்தோ', 'விஸ்தா' இரண்டையும் இத்தாலியர் ஏற்கிறார்கள். உதவிப் பிரிவுக்கு எழுதியதற்கு, கருத்துக்கு நன்றி என்ற ஒற்றை வரியே பதிலாக வந்தது. 'அவற்றில் இரண்டு தின்றேன்' என்பதற்கான 'நே ஓ மாஞ்ஜாத்தே தூயே' போன்ற வாக்கியங்களுக்கும் அரைப்பக்கம்கூட ஒதுக்கவில்லை.

ஒரு மாதச் சந்தாவிலேயே பதினான்காம் பாடம் திறந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்குக் கட்ட வேண்டியதில்லை.