முதல் நெடுங்கடல் ஓட்டம்: கரையோரமாகக் கொச்சிக்கா, வெளிக்கடல் வழியாக உலிகமுவுக்கா?

தூத்துக்குடியிலிருந்து பாய்மரப் படகில் முதல் முறையாக நெடுந்தூரம் கிளம்புகிறவர்களுக்குப் பொருத்தமானவை இரண்டு வழிகள். ஒன்று, கன்னியாகுமரியைச் சுற்றிக் கரையைப் பார்த்தபடியே கொச்சி, சுமார் 200 கடல் மைல். இன்னொன்று, குமரிமுனை தாண்டியதும் மேற்கே திரும்பி மாலத்தீவின் வடக்கு ஓரத்து உலிகமு, சுமார் 340 கடல் மைல். கொழும்பும் இருக்கிறதே என்பார்கள். அது 150 மைலுக்குள் அடங்கிவிடும், ஒரு ராத்திரி வேலை. நாங்கள் எடுத்தது உலிகமு வழியை, ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். 30 அடிப் படகு, இரண்டு பேர், சின்ன டீசல் என்ஜின் என்ற கணக்கில் படியுங்கள்.

தூரம், செலவு, பக்கத்தில் உதவி என்று பார்த்தால் கொச்சியே மேல். போனில் சிக்னல் வந்து போகும், விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிட்டால் யாராவது கேட்பார்கள், கடலோரக் காவல்படையைக் கூப்பிட 1554 என்ற எண் இருக்கிறது. பொல்காட்டித் தீவு மரினாவில் கட்டிக்கொள்ளவும் இடம் உண்டு. இதில் வாதாட ஒன்றுமில்லை.

பருவமும் இரண்டுக்கும் ஒன்றே. தைப்பொங்கல் கழிந்து மாசி முடிவதற்குள் கிளம்ப வேண்டும். கார்த்திகையில் கடல் எப்படி மாறும் என்பதை 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி காட்டிவிட்டது. தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று நிலைத்திருக்கும், நீவாடும் (கடல் நீரோட்டம்) மேற்கே இழுக்கும். ஆனால் முனையைத் தாண்டிய பிறகு காற்று இரண்டு வழியையும் ஒன்றுபோல நடத்தாது. கேரளக் கரையை ஒட்டி வடக்கே ஏறினால் மத்தியானத்துக்கு மேல் வடமேற்குக் கடல்காற்று மூஞ்சிக்கு நேரே அடிக்கும். ராத்திரி கரைக்காற்று லேசாக வந்து விடியும்போது செத்துவிடும். ஆகப் பாதி தூரம் என்ஜின் ஓட்டம்தான். மணிக்கு 2 லிட்டர் வைத்தாலும் 50 லிட்டருக்குக் குறையாமல் டீசல் வேண்டும். அலையில் டேங்க் குலுங்கி அடிமண்டி கிளம்பி ஃபில்டரை அடைக்கும், அதனால் குறைந்தது நான்கு மாற்று ஃபில்டர் கையில் இருக்கட்டும். உலிகமு வழியில் அதே வாடை முதுகுப்பக்கத்திலிருந்து தள்ளும்.

இதையெல்லாம் விட முக்கியமாக நாங்கள் பார்த்தது தூக்கத்தை. முதல் ஓட்டத்தில் படகு உடைவதைவிட ஆள் உடைவதுதான் அதிகம். முப்பது மணி நேரம் கண் மூடாதவன் விளக்கைத் தப்பாகப் படிப்பான், பாயைக் குறைக்க வேண்டிய நேரத்தில் ‘பார்த்துக்கலாம்’ என்பான். கரையோர வழி தூங்க விடாது, காரணம் வலை. மணப்பாட்டிலிருந்து கொல்லம் வரை ராத்திரியில் மிதப்புவலை கிலோமீட்டர் கணக்கில் கிடக்கும். கப்பல்கள் ரேடியோவில் அறிவிக்கும் இருப்பிடத்தைக் காட்டும் ஏஐஎஸ் திரையில் அது தெரியாது. வள்ளத்துக்காரர் டார்ச் அடிப்பார், வலை எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் வலையின் ஒரு முனையில் வள்ளம், மறுமுனையில் கொடியோ மினுக்கு விளக்கோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே நுழையாமல், வள்ளத்தை ஒட்டி அதன் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். என்ஜின் ஓடும்போது காற்றாடியில் (புரொப்பல்லர்) வலை சுற்றினால் உடனே நியூட்ரல், பிறகு நிறுத்து. பின்னால் ஓட்டி அவிழ்க்கப் பார்த்தால் இன்னும் இறுகும். விடிந்த பிறகுதான் கத்தியோடு தண்ணீரில் இறங்கலாம். போதாததற்கு வலைக்காரருக்கு நஷ்டம் வேறு.

துறைமுகம் துறைமுகமாகத் தங்கிப் போகலாமே? போகலாம். குமரிமுனையிலிருந்து விழிஞ்ஞம் சுமார் 40 மைல், அங்கிருந்து கொல்லம் இன்னொரு 40, பிறகு கொச்சி 70. சின்னமுட்டம் மாதிரி மீன்பிடித் துறைமுகங்களில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். பழக்கமில்லாதவர் பகலில்தான் நுழைய வேண்டும். அதற்காக நேரம் கணக்கிட்டால் கிளம்புவது நடுச்சாமமாகிவிடும். தூக்கம் மறுபடியும் போச்சு.

உலிகமு வழியிலும் முதல் ராத்திரி இதே கதைதான். விடியுமுன் கிளம்பினால் இருட்டும்போது குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் மீன்தளத்தில் இருப்பீர்கள், இரண்டு பேருமே விழித்திருக்க வேண்டும். அங்கேதான் காற்றும் 20, 25 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வரை ஏறும். பாக் நீரிணை வழியாக ஒடுங்கி வரும் வாடை மன்னார் வளைகுடாவைத் தாண்டி விரியும் இடம் அது. சாயங்காலமே பெரிய பாயில் ஒரு மடிப்பு போட்டுவிடுங்கள். பூம் (பெரிய பாயின் அடிக்கட்டை) மறுபக்கம் வீசி அடிக்காமல் முன்னுக்கு இழுத்துக் கட்டுங்கள்.

அந்த ஒரு ராத்திரி கழிந்தால் வலை குறைந்துவிடும், மிச்சம் கப்பல்கள்தான். சூயஸுக்கும் இலங்கையின் தென்முனைக்கும் இடையே ஓடுபவை. கப்பல் ஏஐஎஸ்-இல் தெரியும், இரண்டு மைலுக்குள் நெருங்கினால் அலாரம் அடிக்கும்படி வைக்கலாம். எட்டு மைலில் கண்ணுக்குப் படும் கப்பல் இருபது நிமிஷத்தில் மேலே வந்துவிடும். ஆகவே காவல் இருப்பவர் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை சுற்றும் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் காவல், மூன்று மணி நேரம் தூக்கம். இரண்டாம் நாளே உடம்பு அந்தத் தாளத்துக்கு வந்துவிடும்.

இந்தத் தூக்கம் முழுக்க, சுக்கானைத் தானே பிடிக்கும் ஆட்டோபைலட்டை நம்பித்தான் இருக்கிறது. சராசரி 3 ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 72 ஆம்பியர்-மணி. 150 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், அது ஒரு நாளைக்கே சரியாகப் போய்விடும். குறைந்தது 200 வாட் சோலார் வேண்டும், ஆட்டோபைலட்டில் உபரி ஒன்றும் வேண்டும். காசு போதாதென்றால் வேறு எதையாவது குறையுங்கள்.

மணிக்கு 4 மைல் ஓடினாலும் 85 மணி நேரம். தண்ணீரை ஏழு நாளுக்குக் கணக்கிடுங்கள்: ஆளுக்கு 4 லிட்டர் வீதம் 56, டேங்க் கசிந்தாலும் தப்பிக்க அதில் 20 லிட்டர் தனிக் கேனில். குமட்டலுக்கு மாத்திரையை முந்தின ராத்திரியே தொடங்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் கொண்டுபோனால் சோறு இறங்காத முதல் நாளுக்கு ஆகும்.

உரிமம் இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம், ஆகவே நடுக்கடலில் புதிய முன்னறிவிப்பு எளிதில் கிடைக்காது. கிளம்பும்போது இன்காய்ஸும் (கடல் நிலை சொல்லும் அரசு மையம்) வானிலை மையமும் தரும் அறிக்கை மூன்று நாளுக்கு ஓரளவு நம்பலாம். 340 மைல் அந்த வரம்புக்குள் ஏறக்குறைய அடங்குகிறது. ஆபத்தில் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் இபிர்ப் கருவியைப் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள்.

காகித வேலையில் உலிகமு தோற்கும். சுங்கம், குடிநுழைவு, துறைமுக அனுமதி, அந்தப் பக்கம் ஏஜெண்ட் என்று நாள் பிடிக்கும். திரும்புவதும் இழுபறி: மாசியில் திரும்பினால் வாடை எதிரே நிற்கும். சித்திரையில் வடமேற்கு லேசாக வரும்போது பக்கக்காற்றில் கொச்சிக்கு ஏறலாம், சுமார் 260 மைல். வைகாசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) எழுவதற்கு முன் வந்து சேர்ந்துவிட வேண்டும். இரண்டு மாதம் ஒதுக்க முடியாதவர்களும், தனி ஆளாகப் போகிறவர்களும் கொச்சியையே எடுத்து, ராத்திரிகளில் கரையை விட்டு நன்றாக விலகி ஓடட்டும்.