தலை அரிப்புக்கும் பொடுகுக்கும் வீட்டு வைத்தியம்: பல ஆண்டு அனுபவம்

தலை அரிப்புக்கும் செதில் உதிர்வதற்கும் வீட்டில் செய்யக்கூடிய வைத்தியங்களைப் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். இந்தக் காலத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. அரிப்பை அடக்குவது ஒரு வேலை, பொடுகைக் குறைப்பது வேறு வேலை. வீட்டுப் பொருள்களில் பெரும்பாலானவை முதல் வேலையை நன்றாகச் செய்கின்றன. இரண்டாவதைச் செய்பவை மிகக் குறைவு. எந்தப் பொருள் எதற்கு என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் என் தலைக்கு நிம்மதி கிடைத்தது.

எண்ணெயைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். எண்ணெய் தேய்த்த அன்று செதில்கள் கண்ணில் படாது, அரிப்பும் குறையும். செதில்கள் எங்கும் போய்விடவில்லை; எண்ணெயில் ஊறித் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரவெல்லாம் ஊறவிட்டு அதையே தொடர்ந்து செய்தபோது, காதுக்குப் பின்னாலும் நெற்றியோரத்திலும் அரிப்பு கூடியது. காரணம் இதுதான்: மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோருடைய தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை அதனால் தானே உருவாக்கிக்கொள்ள முடியாது. நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உடைத்துத்தான் பிழைக்கிறது. அப்படி உடைக்கும்போது மிஞ்சும் ஒலிக் அமிலம் சிலருடைய தோலை உறுத்துகிறது. தோல் வேகவேகமாகப் புதுப்பித்துக்கொள்கிறது, பழைய செல்கள் கொத்துக்கொத்தாக உதிர்கின்றன. ஆலிவ் எண்ணெயில் பாதிக்கு மேல் இருப்பது இந்த ஒலிக் அமிலம்தான். ஆகவே பொடுகுக்கு ஆலிவ் எண்ணெய் என்ற அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

எண்ணெயே கூடாது என்பதல்ல. செதில் பொடிப்பொடியாக, வெள்ளையாக, உலர்ந்து உதிர்ந்து, தலைத்தோல் இறுக்கிப் பிடிப்பது போல இருந்தால் அது பெரும்பாலும் வறட்சி. குளிர்காலத்தில் இது அதிகம். அதற்கு எண்ணெய் நல்ல மருந்து. செதில் மஞ்சள் கலந்து பிசுபிசுப்பாக இருந்து, அடியில் தோலும் சிவந்திருந்தால் அது பூஞ்சை சம்பந்தப்பட்ட பொடுகு. எனக்கு இரண்டாவது வகை. தடிமனாகப் படிந்த செதில்களை இளக்குவதற்காக மட்டும் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய் தேய்க்கிறேன். பிறகு சுத்தமாக அலசிவிடுகிறேன்.

வெந்தயத்தை மனதாரப் பாராட்டுவேன். இரவில் ஊறவைத்து அரைத்துத் தேய்த்தால் அந்த வழுவழுப்பு எரிச்சலைத் தணிக்கிறது, அன்றைக்கு அரிப்பு அடங்கிவிடுகிறது. தொல்லை அலசும்போதுதான்: திப்பிகள் முடியில் சிக்கி, காய்ந்ததும் செதிலைப் போலவே தெரியும். விழுதைத் துணியில் வடிகட்டி, கொழகொழப்பான நீரை மட்டும் தடவினால் அந்தத் தொல்லை இல்லை. கற்றாழையும் இதே போலத்தான். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்கக் கழுவிவிட வேண்டும். அரிப்பை உண்டாக்கக்கூடியது அது. இரண்டும் இதம் தருகின்றன, ஆனால் நிறுத்தினால் பொடுகு திரும்பிவிடுகிறது.

எலுமிச்சையை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். தலைத்தோலின் அமிலத்தன்மை ஏறத்தாழ 5.5 பிஎச்; எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். சொறிந்து புண்ணான தலையில் அதைத் தேய்த்தால் தீயாய் எரியும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். சமையல் சோடா எதிர்த் திசையில் கெடுக்கிறது: அதன் காரத்தன்மை முடியைச் சொரசொரப்பாக்கி, தோலையும் உலர்த்துகிறது.

வீட்டு வைத்தியம் என்று சொல்லப்படுபவற்றில் பொடுகையே குறைத்ததாக நான் கண்டது டீ ட்ரீ எண்ணெய்; இது தேயிலை எண்ணெய் அல்ல, ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 126 பேர் கலந்துகொண்டார்கள். இந்த எண்ணெய் 5 சதவீதம் கலந்த ஷாம்பூவை நான்கு வாரங்கள் பயன்படுத்தியவர்களுக்குப் பொடுகின் தீவிரம் 41 சதவீதம் குறைந்தது. வெறும் ஷாம்பூ பயன்படுத்தியவர்களுக்கு 11 சதவீதம். முழுக் குணம் இல்லை என்றாலும் நல்ல பலன். 100 மில்லி ஷாம்பூவுக்கு 5 மில்லி என்பதே அந்த அளவு. நீர்க்காமல் நேரடியாகத் தலையில் ஊற்றினால் ஒவ்வாமை வரும் அபாயம் உண்டு. நாள்பட்டு, காற்றுப் பட்ட பழைய எண்ணெய் இன்னும் மோசம். முழங்கை மடிப்பில் ஒரு துளி கலவையைத் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வாய்க்குள் போகக் கூடாத பொருள் இது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இதற்கும் அடங்காதபோது கீட்டோகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து உள்ள ஷாம்பூவுக்குப் போவதில் எனக்குத் தயக்கமே இல்லை. வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரங்கள். பிறகு வாரம் ஒன்றோ, இரு வாரத்துக்கு ஒன்றோ. நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையிலேயே விட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போட்டதும் அலசினால் மருந்து வேலை செய்ய நேரமே கிடைக்காது. நான் இதை முதன்மையாக வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நாள்களில் அரிப்பெடுத்தால் வெந்தய நீரோ கற்றாழையோ தடவுகிறேன்.

செதில் உதிர்வதெல்லாம் பொடுகு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளித் தகடு போலத் தடித்த செதில் முடியெல்லையைத் தாண்டிப் படர்ந்தால் சொரியாசிஸ் என்ற நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம். தட்டினால் உதிராமல் முடியோடு ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் ஈறாக, அதாவது பேன் முட்டையாக இருக்கலாம். குழந்தையின் தலையில் வட்டமாக முடி உடைந்து செதில் படிந்திருந்தால் படர்தாமரையா என்று தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். தலையில் வரும் படர்தாமரைக்கு வாய்வழி மருந்து தேவை, மேலே தடவும் எதுவும் போதாது.