பெய்லியா, கனிப்பலா? ஃப்ரீ த்ரோ கோட்டில் முடிவான தேர்வு

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். 2025இல் அதன் முதல் சுற்று ஜூன் 25 அன்று புரூக்ளினில் நடந்தது. எங்கள் நண்பர்கள் வட்டம் நடத்தும் கற்பனை லீக்கில் (நிஜ வீரர்களை வைத்து நாங்களே அணி சேர்த்து, அவர்கள் ஆட்டக் கணக்கில் போட்டி போடுவது) தேர்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. யார் எந்த அணிக்குப் போவார் என்று தெரியாமலே எடுக்க வேண்டும். எடுத்தவரை நான்கு சீசன் வைத்துக்கொள்ளவும் வேண்டும். நிஜத்திலும் முதல் சுற்று வீரரின் ஒப்பந்தம் அப்படித்தான்: இரண்டு ஆண்டு உறுதி, அடுத்த இரண்டு அணியின் விருப்பம்.

எனக்கு விழுந்தது நான்காம் இடம். கூப்பர் ஃபிளாக், டிலன் ஹார்ப்பர், வி.ஜே. எட்ஜ்கோம்ப் மூவரும் அதற்குள் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் இருவர் மேல்தான் எனக்குக் கண்: ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஏஸ் பெய்லி, டியூக் பல்கலைக்கழகத்தின் கான் கனிப்பல். நான் கனிப்பலை எடுத்தேன். "அண்ணா, நம் ஊர்ப் பையனை விட்டுவிட்டீர்களே" என்று ரட்கர்ஸில் படித்த தம்பி ஒருவன் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான். நான் குடியிருப்பது நியூ ஜெர்சியின் எடிசனில். ரட்கர்ஸின் ஆட்டக்கூடம் இருக்கும் பிஸ்காட்டவே பக்கத்து ஊர். ஆகவே அவனுக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.

வெளிப்படையாகத் தெரிவதை முதலில் தள்ளிவிடலாம். உயரமும் துள்ளலும் பெய்லி பக்கம். கல்லூரி ஏட்டில் 6 அடி 10 அங்குலம் என்று போட்டிருந்தார்கள். மே மாதம் சிகாகோவில் டிராஃப்டுக்கு முந்தைய முகாமில் காலணி இல்லாமல் அளந்தபோது 6 அடி 7½ அங்குலம்தான் வந்தது. அதனால் என்ன, கனிப்பலைவிட இரண்டரை அங்குலம் கூடுதல், கையும் நீளம். சராசரிப் புள்ளிகளிலும் பெய்லிதான் மேல்: 17.6, கனிப்பலுக்கு 14.4. வயதிலும் ஒரு வருடம் இளையவர். அணியின் வெற்றி தோல்வியை வைத்துப் பேசினால் கனிப்பலுக்கு வாய்ப்பு. டியூக் 35 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்றது. ரட்கர்ஸ், ஹார்ப்பரும் பெய்லியும் சேர்ந்து ஆடியும், 15 வெற்றி, 17 தோல்வி. ஆனால் அதைப் பதினெட்டு வயதுப் பையன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பெய்லியை நேரில் பார்த்தவர்களுக்கு அவர் மேல் மயக்கம் வருவது இயல்பு. பழைய பெயரில் 'ரேக்' (RAC) என்றே இன்றும் பலர் சொல்லும் அந்தக் கூடம் சிறியது, சத்தம் பெரியது. மேல் வரிசையில் உட்கார்ந்தாலும் ஆட்டக்காரரின் மூச்சு வரை கேட்பது போலிருக்கும். பெய்லி வலப்பக்க மூலையருகே பந்தை வாங்குவார். ஒருவர் உடம்போடு ஒட்டி நிற்பார், இன்னொருவர் ஓடி வருவார். பெய்லி பின்னோக்கி ஓர் எட்டு வைத்து எழும்புவார். பந்து தலைக்கு மேலே எங்கோ உயரத்திலிருந்து கிளம்பும். இருவரின் விரல்களும் அவர் மணிக்கட்டை எட்டாது. அது விழும்போது கூடம் அதிரும். இந்தியானாவுக்கு எதிராக ஜனவரியில் அவர் எடுத்த 39 புள்ளிகளில் இந்த ரகம் ஏராளம். அன்று ரட்கர்ஸ் தோற்றது என்பது வேறு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வீச்சு விழாத நாட்களிலும் அவர் அதையேதான் எறிந்தார். ஆட்டத்துக்கு 1.3 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போட வழி செய்த பந்து) என்ற கணக்கு அதைத்தான் சொல்கிறது. அவருடைய மூன்று புள்ளி வீச்சுகளில் (வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவை) விழுந்தவை 34.6 சதவீதம், கனிப்பலுக்கு 40.6. ஆறு சதவீத இடைவெளி. இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கனிப்பல் பக்கத்தில் டியூக்கின் நட்சத்திரம் ஃபிளாக் இருந்தார். எதிரணி முழுக்க ஃபிளாக்கையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மூலையில் தனியாக நின்று எறிவதும், இரண்டு பேர் கைகளுக்கு மேலே எறிவதும் ஒன்றா? பெய்லிக்காக வாதாடுபவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். சரியான வாதம்தான்.

அதனால்தான் நான் ஃப்ரீ த்ரோவுக்குப் போனேன்: எதிராளி தவறிழைத்தால் கிடைக்கும் தடையில்லாத வீச்சு. கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ ஒன்றுக்குத்தான் கூட்டாளியின் உதவியும் கிடையாது, எதிராளியின் தடையும் கிடையாது. பதினைந்து அடி தூரம், அதே கோடு, அதே உயரக் கூடை. டியூக்கில் ஆடினாலும் ரட்கர்ஸில் ஆடினாலும் மாறாது. ஃபிளாக்கின் நிழல் அங்கே விழாது. ரட்கர்ஸின் பலவீனமான துணைப் படையும் அங்கே குறுக்கே வராது. மணிக்கட்டும் முழங்கையும் விரல் நுனியும் ஒரே வேலையை ஒரே விதமாகத் திரும்பச் செய்கின்றனவா என்பது மட்டும்தான் தெரியும். சமையற்காரரைச் சோதிக்க ரசம் வைக்கச் சொல்வார்களே, அது மாதிரி.

அந்தக் கோட்டில் கனிப்பல் 91.4 சதவீதம். பெய்லி 69.2.

என்பிஏவில் மூன்று புள்ளி விழுமா என்று பார்க்க இந்த எண்ணை நான் நம்பக் காரணம் இது. கல்லூரிக் கோட்டிலிருந்து மூன்று புள்ளி வீச்சு 22 அடியும் கொஞ்சமும். என்பிஏவில் அது மூலைகளைத் தவிர மற்ற இடங்களில் 23 அடி 9 அங்குலம். தூரம் கூடும்போது கையில் இருக்கும் சிறு பிசகும் பெரிதாகும். கல்லூரியில் மூன்று புள்ளி வீச்சு நன்றாக விழுந்தது என்பது ஒரு சீசனின் நூறு, இருநூறு வீச்சுகளை நம்பிச் சொல்வது. அந்த வீச்சுகளும் ஒன்று போல் இன்னொன்று இருப்பதில்லை. ஃப்ரீ த்ரோவிலும் எண்ணிக்கை பெரிதில்லை, ஆனால் எல்லாம் ஒரே வீச்சு.

2017 டிராஃப்டை நினைத்துப் பாருங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கெல் ஃபல்ட்ஸ் 23.2 புள்ளிகள், மூன்று புள்ளி வீச்சில் 41.3 சதவீதம். யுசிஎல்ஏவின் லான்சோ பால் மூன்று புள்ளியில் 41.2. டியூக்கின் ஜேசன் டேட்டம் 34.2 மட்டுமே. மேலோட்டமாகப் பார்த்தால் முதல் இருவரும் வீச்சாளர்கள், டேட்டம் அப்படியில்லை. ஃப்ரீ த்ரோ வரிசை தலைகீழ்: ஃபல்ட்ஸ் 64.9, பால் 67.3, டேட்டம் 84.9. முதல் தேர்வு கையிலிருந்த பாஸ்டன் அதை பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் இடத்தையும் பின்னாளைய முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் வாங்கிக்கொண்டது. மூன்றாம் இடத்தில் டேட்டத்தை எடுத்தது. முதல் சீசனிலேயே டேட்டம் மூன்று புள்ளியில் 43.4 சதவீதம் போட்டார். பால் 30.5. ஃபல்ட்ஸின் வீச்சு உருக்குலைந்து, அந்த சீசனில் 14 ஆட்டம்தான் ஆடினார். டேட்டம் 2024இல் பாஸ்டனுக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார்.

2020இல் டைரீஸ் மாக்ஸி. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மூன்று புள்ளி வீச்சு 29.2 சதவீதம் என்பதால் பலர் ஒதுக்கினார்கள். ஃப்ரீ த்ரோ 83.3 என்பதை எத்தனை பேர் பார்த்தார்களோ. 21ஆம் இடம் வரை இறங்கிவந்தார். இரண்டாம் சீசனில் மூன்று புள்ளியில் 42.7.

எனக்குச் சாதகமான உதாரணங்களையே அடுக்கிக்கொண்டு போனால் தம்பி விடமாட்டான். 2012இல் இரண்டாம் இடத்தில் போன மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட் கல்லூரியில் ஃப்ரீ த்ரோ 74.5 சதவீதம், பெய்லியைவிட மேல். என்பிஏவில் அவருக்கு வெளிவீச்சு கடைசி வரை அமையவில்லை. ஃபல்ட்ஸ் கதையிலும் உடல்நலம் புகுந்திருக்கிறது: தோள்பட்டை நரம்பு அழுத்தப்படும் பாதிப்பு என்று 2018 டிசம்பரில் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அதை முழுக்க 64.9இன் கணக்கில் எழுதினால் அது மோசடி. லான்சோ பாலும் சில ஆண்டுகளில் வீச்சு முறையையே மாற்றிக்கொண்டு நல்ல மூன்று புள்ளி வீச்சாளராகிவிட்டார். காவாய் லெனர்ட் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் மூன்று புள்ளியில் 29.1 சதவீதம்தான், சான் அன்டோனியோ அணியில் சிப் எங்கலண்ட் என்ற பயிற்சியாளர் கையைத் திருத்தினார். ஆக, 69.2 தலையெழுத்து இல்லை. திருத்தத் தெரிந்தவரிடம் பெய்லி போய்ச் சேர வேண்டும், அவரும் திருத்திக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அவர் எந்த அணிக்குப் போவார் என்று தெரியாமல் எடுக்க வேண்டிய லீக்கில் அந்தச் சூதாட்டத்துக்கு எனக்கு மனமில்லை.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பெய்லி ஆட்டத்துக்குச் சுமார் நான்கு ஃப்ரீ த்ரோ எறிந்தவர், கனிப்பல் மூன்றுக்கும் குறைவு. இருவருக்கும் சீசன் மொத்தம் நூற்றைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெய்லியின் உண்மையான திறன் 74 ஆக இருக்கலாம். கனிப்பலுடையது 87 ஆக இருக்கலாம். இரண்டையும் அப்படி நெருக்கினாலும் நடுவில் பெரிய பள்ளம் மிஞ்சுகிறது.

கனிப்பலைப் பற்றி எனக்கு உறுதியில்லாத இடங்களும் உண்டு. அவரை நான் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருக்கிறேன். காலில் வேகம் குறைவு என்கிறார்கள். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் தடுப்பாட்டத்தில் அவர் கால் எப்படி நகர்கிறது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. என்பிஏவின் வேகமான கார்டுகள் (பந்தை நடத்தும் ஆட்டக்காரர்கள்) அவரைத் தேடிப் பிடித்து விளாசலாம். ஃபிளாக் இல்லாவிட்டால் என்ன செய்வார் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு பதில் கிடைத்தது: மார்ச்சில் ஏசிசி (டியூக் ஆடும் கல்லூரிக் குழுமம்) போட்டியில் ஃபிளாக் கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்தபோது டியூக் கோப்பையை வென்றது, சிறந்த வீரர் விருது கனிப்பலுக்கு. ஒரு வாரக் கதைதான். அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கவில்லை.

பிலடெல்பியா அணிக்கான தனிப் பயிற்சியை பெய்லி ரத்து செய்தார் என்ற செய்தியை வைத்து அவர் குணத்தை அலசினார்கள். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தனக்குப் பிடித்த இடத்துக்குப் போக ஏஜென்ட் ஆடும் ஆட்டம் அது. இதற்கு முன்பும் நடந்ததுதான்.

எங்கள் லீக்கில் கடைசி இரண்டு ஆண்டுகளாக அடிமட்டத்தில் கிடப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு பெய்லிதான் பொருத்தம்: இழக்க ஒன்றுமில்லை, விழுந்தால் லாட்டரி. எனக்கோ நடுத்தர அணி. இரண்டாம் சீசனிலிருந்தே புள்ளி தரும் கை வேண்டும். தம்பி ஐந்தாம் இடத்தில் இருந்தான். நான் கனிப்பலை அறிவித்த அரை நிமிடத்தில் பெய்லியை எடுத்துவிட்டான்.