ஸ்நோ கொட்டேக்க எதை நம்புறது? எங்கட தெரு வட்ஸ்அப் குறூப்பும் மற்ற ஆப்புகளும், ஸ்காபரோவில இருந்து ஒரு ரிவ்யூ

ஸ்நோ ஸ்டோர்ம் வரேக்க எந்த ஆப்பைப் பார்க்கிறது, ஆர் சொல்லுறதை நம்புறது எண்டு புதுசா கனடா வந்த ஆக்கள் கனபேர் கேக்கினம், அதால கொஞ்சம் விரிவாவே எழுதுறன். நான் ரொறன்ரோவின்ர கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில மார்க்கம் ரோட் பக்கம் இருக்கிறன். இங்க நான் சொல்லப்போறது எங்கட தெருவுக்கெண்டு இருக்கிற வட்ஸ்அப் குறூப்பைப் பற்றி, அதோட சேர்த்து என்வைரன்மென்ற் கனடாவின்ர வானிலை ஆப் வெதர்கான், மாகாணத்தின்ர ஹைவே நிலவரம் காட்டுற 511, ரொறன்ரோ சிற்றியின்ர ஸ்நோ வண்டியளைக் காட்டுற பிளோ-ரிஓ மப். ஒண்டுக்கும் காசு இல்ல. என்ர முடிவை முதலே சொல்லிடுறன். ஸ்டோர்ம் வரமுதல் வெதர்கான், வந்தாப்பிறகு தெரு குறூப். ஆனா குறூப்பில போடுற ஒவ்வொரு மெசேஜிலயும் எத்தினை மணி, எந்தச் சந்தி எண்டு இருக்கவேணும். அது இல்லாட்டில் அந்தக் குறூப் இல்லாமல் இருக்கிறதே நல்லம், நான் சும்மா சொல்லேல்ல.

நான் இதுகளை அளந்து பார்க்கிறது 2022 ஜனவரி 17ஐ வச்சு. தைப்பொங்கல் முடிஞ்ச கையோட வந்த திங்கக்கிழமை. ஒமிக்ரோன் கொரோனாவால வீட்டில இருந்து படிச்ச பிள்ளையள் அண்டைக்குத்தான் திரும்பப் பள்ளிக்கூடம் போக இருந்ததுகள், பாக் எல்லாம் ஞாயிறு இரவே அடுக்கி வச்சாச்சு, விடியப் பார்த்தால் முன்வீட்டுக் கதவு தெரியேல்ல. சிற்றியின்ர சில இடங்களில 55 சென்ரிமீற்றர் வரைக்கும் கொட்டினது. டொன் வலி பார்க்வே, கார்டினர் எண்ட பெரிய எக்ஸ்பிரஸ்வேக்கள் எல்லாம் மூடவேண்டி வந்தது, நிலத்துக்கு மேல ஓடுற சப்வே பகுதிகள் நிண்டு போச்சு, பஸ்கள் நூற்றுக்கணக்கில தெருத்தெருவா இறுகிப்போய் நிண்டது. அப்ப மேயரா இருந்த ஜோன் ரோறி வீட்டில இருக்கக்கூடிய ஆக்கள் வீட்டிலயே இருங்கோ எண்டு கேட்டவர். பழைய ஆக்கள் உடன 1999ஐச் சொல்லுவினம், அந்த ஜனவரியில 118 சென்ரிமீற்றர் கொட்டி அப்ப மேயரா இருந்த மெல் லாஸ்ற்மன் ஆமியைக் கூப்பிட்டவர். ஆனா அது நாள்க்கணக்கா விட்டு விட்டு வந்தது. 2022இல வந்தது அப்பிடி இல்ல, இரவு தொடங்கினது, மத்தியானத்துக்கிடையில எல்லாத்தையும் மூடிப்போட்டுது.

வெதர்கானைப் பற்றி முதல் சொல்லுறன். இது கட்டாயம் போன்ல இருக்கவேணும். உங்கட இடத்துக்கு எச்சரிக்கை விட்டவுடன போன் அடிக்கும், ரேடார் படமும் இருக்கு, விளம்பரம் ஒண்டும் இல்ல. அண்டைக்கும் ஞாயிற்றுக்கிழமையே எச்சரிக்கை வந்திட்டுது. என்ன எச்சரிக்கை வந்திருக்கு எண்டு வடிவா வாசிக்கவேணும், ஏனெண்டால் ஒண்டொண்டுக்கும் நாங்கள் செய்யிறது வேற. 12 மணித்தியாலத்துக்குள்ள 15 சென்ரிமீற்றருக்கு மேல கொட்டும் எண்டால் ஸ்நோஃபோல் வார்னிங், அதுக்கு ஷவல் எடுத்து வைக்கலாம், மருந்து பால் பாண் வாங்கி வைக்கலாம், அடுத்தநாள் வேலைக்கு வெள்ளண வெளிக்கிடலாம். பிளிஸாட் வார்னிங் காத்தையும் கண் தெரியிற தூரத்தையும் பார்த்து விடுறது. மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல காத்து அடிச்சு, 400 மீற்றருக்கு அங்கால ஒண்டும் தெரியாமல், அது நாலு மணித்தியாலமாவது நீடிக்கும் எண்டால்தான் இது வரும். இது வந்தால் கார் எடுக்கிற கதையே வேண்டாம், நடந்து போறதும் வேண்டாம், பக்கத்து பிளாஸாதானே எண்டு வெளிக்கிட்டுப் பாதி வழியில எந்தப் பக்கம் நிக்கிறம் எண்டு தெரியாமல் போகும்.

ஆனா வெதர்கானுக்குத் தெரியாதது எங்கட தெரு. எல்ஸ்மியர் ஏத்தத்தில கார் ஏறுதோ இல்லையோ எண்டு அதுக்குத் தெரியாது. அண்டைக்கு அதைச் சொன்னது எங்கட குறூப்.

குறூப்பில தமிழ் ஆக்கள்தான் கூட, ஃபிலிப்பீன்ஸ் குடும்பங்கள், குஜராத்தி ஆக்கள், ஒரு வயசான ஜமெய்க்கன் அம்மா, எல்லாரும் இருக்கினம். சாதாரண நாளில பாசல் மாறி வந்திட்டுது, பூனையைக் காணேல்ல, இதுதான் வரும். அண்டைக்கு விடிய அஞ்சு மணிக்கே தொடங்கினது. இரவு வேலை முடிச்சு வந்த ஒரு நேர்ஸ் அக்கா போட்டவ, "5:10, மார்க்கம் ரோட் எல்ஸ்மியர் சந்தி, பஸ் குறுக்கால நிக்குது, வடக்கால ஒருத்தரும் வரவேண்டாம், நான் நடந்து வாறன்". அவ்வளவுதான் மெசேஜ். ஆனா அதில எல்லாம் இருக்கு. நேரம் இருக்கு, சந்தி இருக்கு, எந்தப் பக்கம் எண்டு இருக்கு, தான் என்ன செய்யப்போறா எண்டும் இருக்கு. உடன முன்வீட்டு அண்ணா தன்ர வீட்டு வாசல் லைற்றைப் போட்டிட்டு வெளியில நிண்டவர், இன்னொருத்தர் லைவ் லொக்கேஷன் போடுங்கோ தங்கச்சி எண்டு எழுதினவர், அவ போட்டவ, அந்த நீலப் புள்ளி அசைஞ்சு அசைஞ்சு வாறதைத் தெருவில பாதிப்பேர் முழிச்சிருந்து பார்த்தவை. வீட்டுக்குள்ள போன உடன "வந்திட்டன்" எண்டு போட்டவ. வட்ஸ்அப்பில இந்த லைவ் லொக்கேஷனை 15 நிமிஷம், ஒரு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் எண்டு வைக்கலாம். ஸ்டோர்முக்கு ஒரு மணித்தியாலம்தான் சரி, எட்டைப் போட்டால் குளிருக்குள்ள போன் சார்ஜ் நிக்காது, குளிரில பற்றறி சும்மாவே கெதியா இறங்கும்.

பிறகு எட்டு ஒன்பது மணிக்கு மெசேஜ் மழைமாதிரி. பள்ளிக்கூடம் பூட்டு எண்டு ஒருத்தர், இல்ல ஒன்லைன் இருக்காம் எண்டு இன்னொருத்தர், எங்க பாத்தனீங்கள் எண்டு மூண்டாவது ஆள். இந்த நேரத்திலதான் ஒரு வீடியோவும் வந்தது, 401 ஹைவேயில நூறு கார் அடிபட்டுக் கிடக்குது எண்டு, பார்த்த எல்லாருக்கும் வயித்தைக் கலக்கினது, ஏனெண்டால் சில வீட்டுக்காரர் வெளியில நிண்டவை. ஒரு பெடியன் கெட்டிக்காரன், மேல பலமுறை ஃபோர்வேர்ட் பண்ணினது எண்ட அடையாளம் இருக்கு, இது இண்டைக்கு எடுத்தது இல்ல, காரில இருக்கிற நம்பர் பிளேற்றும் ஒன்ராறியோ இல்ல எண்டு எழுதினான். அதுக்குப் பிறகுதான் அட்மின் அக்கா ஒரு சட்டம் போட்டவ. தன்ர கண்ணால பார்த்ததை மட்டும் போடுங்கோ, நேரமும் சந்தியும் கட்டாயம், ஃபோர்வேர்ட் ஒண்டும் வேண்டாம், குட்மோர்னிங் படமும் இண்டைக்கு வேண்டாம். ஒரு ரெண்டு பேருக்குக் கோவம் வந்தது, ஆனா அந்த நிமிஷத்தில இருந்து குறூப் வேற மாதிரி ஆயிற்று. மெசேஜ் குறைஞ்சது, வந்த ஒவ்வொண்டும் பிரயோசனமா இருந்தது. இந்த ரிவ்யூவில நீங்கள் ஒண்டை மட்டும் எடுக்கிறதெண்டால் அந்தச் சட்டத்தை எடுங்கோ, உங்கட குறூப்பிலயும் போடுங்கோ. "இப்ப ரோட் சரியில்லை" எண்டு ஒருத்தர் எழுத, அதை நாலு மணித்தியாலம் கழிச்சு வாசிக்கிற ஆள் எந்த "இப்ப" எண்டு நினைக்கிறது? இது சின்ன விஷயம் இல்ல, ஆக்களின்ர உயிர்.

உயிர் எண்டு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. பத்து மணி போல, வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் மெஷின்களைத் திருத்துற வேலை செய்யிற ஒரு அண்ணா வொய்ஸ் மெசேஜ் போட்டவர், தமிழில ஒருக்கா, பிறகு இங்கிலீஷில ஒருக்கா. "வீட்டுப் பக்கச் சுவரில வெள்ளைக் குழாய் ரெண்டு இருக்கும், அது ஃபேர்னஸின்ர மூச்சுக்குழாய், ஸ்நோ அதை மூடியிருக்கும், உடன போய்க் கையால துப்புரவாக்குங்கோ, குழாய் அடைச்சால் ஃபேர்னஸ் நிண்டிடும், இல்லாட்டில் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள்ள நிக்கும், அதுக்கு மணம் இல்ல." காத்து ஒரு பக்கமா அடிச்சதால எங்கட வரிசையில எல்லா வீட்டுக்கும் அந்தப் பக்கத்தில இடுப்பளவு ஸ்நோ குவிஞ்சிருந்தது. ஆக்கள் ஒவ்வொருத்தரா இறங்கி, குழாயைத் துப்புரவாக்கி, படம் எடுத்துக் குறூப்பில போட்டவை, போடாத வீடுகளுக்கு அட்மின் அக்கா போன் அடிச்சவ. எந்த ஆப்பும் இதை எங்களுக்கு அந்த நேரத்தில, அந்தப் பாஷையில சொல்லேல்ல. இன்னொருத்தர் அதைத் தொடர்ந்து, காருக்குள்ள இருந்து ஹீற்றர் போட்டுச் சூடாக்கிறதெண்டால் முதல் சைலன்ஸர் குழாயைச் சுத்தி இருக்கிற ஸ்நோவைத் தள்ளுங்கோ எண்டு எழுதினவர். அதுவும் அதே விஷம்தான். இருதய வருத்தம் உள்ள ஐயாமார் ஷவல் எடுக்கவேண்டாம், பெடியள் வருவினம் எண்டும் போட்டாச்சு, பெடியளும் வந்தவங்கள், சொன்ன சொல்லுக்கு நிண்டவங்கள்.

511 பற்றிச் சுருக்கமாச் சொல்லுறன். 401, 404, 400 மாதிரி மாகாணத்தின்ர ஹைவேக்களில இருக்கிற கமராப் படங்களைப் பார்க்கலாம், ஸ்நோ தள்ளுற ட்ரக் எங்க ஓடுது எண்டும் பார்க்கலாம். ஹைவேயில போகவேண்டிய ஆளுக்கு நல்ல சாமான். அண்டைக்கு டொன் வலியும் கார்டினரும் சிற்றியின்ர கையில இருந்த ரோட்டுகள், அதுக்கு சிற்றியின்ர அறிவித்தலைத்தான் பார்க்கவேண்டி இருந்தது. வெளிக்கிட முதல் பார்க்கிறதுக்குத்தான் இது, ஓடிக்கொண்டு பார்க்கிறதுக்கு இல்ல.

சிற்றியின்ர பிளோ-ரிஓ மப்பில உப்புப் போடுற, ஸ்நோ தள்ளுற வண்டியள் எங்க நிக்குது எண்டு தெரியும். பார்த்தால் ஒரு ஆறுதல், ஆனா அதைப் பார்த்து இன்னும் பத்து நிமிஷத்தில எங்கட தெருவுக்கு வந்திடும் எண்டு கணக்குப் போடாதேங்கோ. ஒரு ஒழுங்கு இருக்கு. முதல் எக்ஸ்பிரஸ்வே, பிறகு பெரிய ரோட்டுகள், பிறகுதான் குடிமனைத் தெருக்கள், அதுவும் 8 சென்ரிமீற்றர் கொட்டினால்தான். பெரிய ஸ்டோர்ம் எண்டால் பெரிய ரோட்டையே திரும்பத் திரும்பத் தள்ளவேணும், எங்கட முறை வர நேரம் எடுக்கும், அது ஞாயம்தான், அம்புலன்ஸ் போறது அதாலதானே. இன்னொண்டு, ட்ரக் தள்ளிக்கொண்டு போகேக்க ட்றைவ்வே வாசலில ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். ஸ்காபரோ, நோர்த்யோர்க், எட்டோபிக்கோ பக்கங்களில கனக்கத் தெருக்களுக்கு சிற்றியே அதைத் திறந்துவிடுற சேர்வீஸ் இருக்கு, டவுன்ரவுன் பக்கம் இல்ல. அதால ட்ரக் வரமுதல் அந்த வாசலைத் துப்புரவாக்கி முதுகை முறிக்காதேங்கோ. குறூப்பில அண்டைக்கு ஒரு ஐயா நாலாம் வீட்டில இருந்து, "2:40, ட்ரக் எங்கட மூலைக்கு வந்திட்டுது, ரோட்டில நிக்கிற கார் எல்லாத்தையும் உள்ள எடுங்கோ" எண்டு போட்டவர். மப்பைவிட அது எங்களுக்கு உதவினது, ஏனெண்டால் ரோட்டில கார் நிண்டால் ட்ரக் உள்ள வராமலும் போகலாம், முழுத் தெருவும் அப்பிடியே கிடக்கும்.

பாஷை விஷயத்தையும் சொல்லவேணும். வெதர்கானில இங்கிலீஷும் ஃபிரெஞ்சும்தான். எங்கட அம்மா அப்பா வயசு ஆக்களுக்கு அது பிரயோசனம் குறைவு. அவைக்குக் குறூப்பில வாற வொய்ஸ் மெசேஜ்தான் ரேடியோ, அதால அண்டைக்கு எழுதினதைவிடக் கதைச்சு அனுப்பினதுதான் கூட நல்லது செய்தது. சிற்றியின்ர உதவி நம்பர் 311க்கு அடிச்சு தமிழ் எண்டு சொன்னால் மொழிபெயர்ப்பாளரை லைனில எடுத்துக் குடுப்பினம், இது கனபேருக்குத் தெரியாது, பெரியாக்களுக்குச் சொல்லி வையுங்கோ. ஆபத்து எண்டால் 911, குறூப்பில எழுதிப்போட்டு ஆரும் வருவினமோ எண்டு இருக்கக்கூடாது.

வட்ஸ்அப்பில இருக்கிற குறை என்னெண்டால், மெசேஜ் ஒண்டுக்குக் கீழ ஒண்டா ஓடிப்போகும், முக்கியமானது மேல போய் மறைஞ்சிடும். அண்டைக்கு அட்மின் அக்கா ஃபேர்னஸ் மெசேஜைத் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டி இருந்தது. இப்ப மெசேஜைப் பின் பண்ணி மேல நிக்க வைக்கலாம், ஆனா கூடினது 30 நாள்தான் நிக்கும், பிறகு திரும்பப் பின் பண்ணவேணும், அதை இந்த விண்டருக்கு முதலே செய்து வையுங்கோ, குழாய்த் துப்புரவு, 311, பக்கத்தில ஆரிட்ட ஸ்நோ புளோவர் இருக்கு, ஆர் நேர்ஸ், இவ்வளவும் போதும். குறூப்பைத் தெருவோட நிப்பாட்டுங்கோ. அப்ப ஒரு குறூப்பில 256 பேர்தான் சேரலாம், இப்ப ஆயிரத்துக்கு மேல சேரலாம் எண்டு விட்டிருக்கினம், ஆனா முழு ஸ்காபரோவையும் ஒரு குறூப்பில போட்டால் உங்கட சந்தியைப் பற்றின மெசேஜ் வரமுதல் நீங்கள் மியூட் பண்ணிப்போடுவீங்கள். கரன்ற் போனால் வைஃபையும் போகும், போனில டேற்றா இருக்கோ எண்டு பாருங்கோ, பவர் பாங்கை முதல்நாளே ஏத்தி வையுங்கோ.

கடைசியா, குறூப்பில இல்லாத ஆக்கள். அந்த ஜமெய்க்கன் அம்மா அப்ப வட்ஸ்அப்பில இல்ல, பிறகுதான் சேர்ந்தவ. மூலை வீட்டு ஐயா இண்டைக்கும் வீட்டு லைன் போன்தான் வச்சிருக்கிறார். எங்கட தெருவில இப்ப அப்பிடி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆள் பொறுப்பு, எச்சரிக்கை வந்தவுடன போன் அடிச்சுச் சொல்லவேணும், ஸ்டோர்ம் நேரத்தில காலமையும் பின்னேரமும் கதவைத் தட்டவேணும், பார்த்திட்டன் எண்டு நேரத்தோட குறூப்பில போடவேணும். இதுக்கு ஒரு ஆப்பும் தேவையில்லை, ஆர் ஆருக்குப் பொறுப்பு எண்ட பேர்ப் பட்டியலை நவம்பரிலயே எழுதி, மாதாமாதம் திரும்பப் பின் பண்ணினால் சரி.