சிக்னல்ல தானா ஆஃப் ஆகற வண்டி, ரெண்டு வருஷம் ஓட்டின கணக்கு

பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 6 கியர் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்திய ஆயில் வழியா கியருக்கு கடத்தற வகை). கம்பெனி பேர் வேணாம், ஏன்னா இது வண்டிக்கு ரிவ்யூ இல்ல, அதுல வர்ற ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப்புக்கு மட்டும், அதாவது வண்டி நின்னா இன்ஜின் தானா ஆஃப் ஆகி, கிளம்பும்போது தானா ஆன் ஆகற வசதி. "சிக்னல்ல பெட்ரோலே குடிக்காது சார்"னு சொல்லித்தான் ஷோரூம்ல தலைல கட்டினாங்க.

தினம் வேளச்சேரி டு சோழிங்கநல்லூர். ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை வேற, போக வர அரை மணி நேரமாவது சும்மா நிக்கறேன். ஏசி போட்டு நின்னா மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல போகுது (இன்ஜின் கணக்க போன்ல காட்டற ப்ளூடூத் ஓபிடி கருவி ஒண்ணு மாட்டி பாத்தேன்), அப்போ மாசம் 22 நாளைக்கு 8 லிட்டருக்கு மேல, 800 ரூபாய்க்கு குறையாது. அது மொத்தமும் மிச்சம்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் ஏமாந்தேன். மீட்டர்ல பாத்தா அந்த அரை மணி நேரத்துல இன்ஜின் நிஜமா ஆஃப்ல இருந்தது ஏழெட்டு நிமிஷம்தான். மாசம் 200 ரூபா தேறும்.

காரணம் நம்ம ஊர் வெயில். ஏசி கம்ப்ரசர் இன்ஜின் பெல்ட்லதான் ஓடுது, இன்ஜின் நின்னா வெறும் காத்துதான் வரும், உள்ள சூடாக ஆரம்பிச்சதும் சிக்னல் விழறதுக்கு முன்னாடியே தானா ஸ்டார்ட் ஆயிடும். மே மாசம் பல நாள் ஆஃபே ஆகல.

இன்னொண்ணு, பத்தடி நகர்ந்து நிக்கற டிராஃபிக்ல ஆஃப் ஆகி ஆன் ஆகி ஒரே எரிச்சல், பத்து செகண்டுக்கு கம்மியா நின்னா லாபமும் கிடையாது. இதுக்கு பிரேக்லயே வழி இருக்கு, என் வண்டில லேசா மிதிச்சு நின்னா இன்ஜின் ஓடிட்டே இருக்கும், நல்லா அழுத்தினாத்தான் ஆஃப் ஆகும். இது புரியவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, டெலிவரி அன்னைக்கு ஒருத்தரும் வாய தொறக்கல.

பக்கத்து வீட்டு அங்கிள் சிக்னலுக்கு சிக்னல் நியூட்ரல் போடுன்னு சொல்லுவாரு. டிரைவ்ல பிரேக் புடிச்சு நிக்கும்போது இன்ஜின் கன்வர்ட்டர் ஆயில தள்ளிட்டே இருக்கறதால கொஞ்சம் கூட குடிக்கும், உண்மைதான். ஆனா ஓபிடில வித்தியாசம் சொற்பம். சிக்னல் கவுண்டர்ல 90, 100 செகண்டுன்னு ஓடினா போடுவேன், இல்லன்னா இல்ல. அவரோடது ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸ்லயே கிளட்சையும் கியரையும் தானா மாத்தற வகை), அதுல பிரேக் புடிச்சு நின்னாலே கிளட்ச் விலகிடும், நியூட்ரல் போட்டு அவருக்கு என்ன மிச்சம்னு தெரியல. மேம்பால ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர்லயே வண்டிய நிறுத்தி வெச்சிருப்பாரு, கிளட்ச் தேயறது அங்கதான்.

பேட்டரி விஷயம் சொல்லியே ஆகணும். இதுக்கு இஎஃப்பி இல்லன்னா ஏஜிஎம் வகைதான் போடணும், அடிக்கடி ஸ்டார்ட் ஆகறத அதுதான் தாங்கும். "அதே சைஸ்தான் சார், விலை ரொம்ப கம்மி"ன்னு ஒரு கடைல சாதாரணத போட்டு விட்டாங்க, நானும் தலையாட்டினேன். மூணே மாசத்துல ஸ்டார்ட் ஸ்டாப் சுத்தமா வேலை செய்யல, மறுபடி செலவு, மிச்சம் புடிச்ச காசு அதுக்கே சரியாப்போச்சு.

அஞ்சுக்கு மூணு குடுப்பேன். இதுக்காக மட்டும் மேல் வேரியன்ட் எடுக்காதீங்க. ஆஃப் பட்டன் இருக்கு, ஆனா ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் திரும்ப அழுத்தணும், கோடைல என் வீட்டுக்காரம்மா பெல்ட் போடறதுக்கு முன்னாடி அதத்தான் அழுத்துவாங்க. மார்கழி காலைல ஏசி இல்லாம போறப்போ மட்டும் அத அழுத்த நான் விடமாட்டேன், அப்போ சிக்னல் முழுக்க சத்தமில்லாம நிக்கும்.